லேடி பேர்ட்: பணக்கணக்கில் ஓடும் கதை

கிரெட்டா கெர்விக்கின் 'லேடி பேர்ட்' (2017) படத்தைக் காதல் கதையாகப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். வீட்டு வரவு செலவைக் கவனியுங்கள். 2002-03, கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ நகரம். அப்பாவுக்கு வேலை போகிறது, நர்ஸான அம்மா இரட்டை ஷிஃப்ட் பார்க்கிறார். மகளுக்கோ நியூயார்க் கல்லூரிதான் வேண்டும். நிதியுதவிப் படிவங்களுக்கு அம்மாவுக்குத் தெரியாமல் உதவுவது அப்பா. அங்கே காத்திருப்போர் பட்டியலில் மகள் பெயர் இருப்பதை நண்பன் உளறிவிட, அம்மா பேச்சையே நிறுத்திவிடுகிறார்.

பழைய துணிக்கடைக் காட்சியைத் தவறவிடாதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை மல்லுக்கட்டிக்கொண்டே துணி புரட்டுகிறார்கள். நல்ல கவுன் ஒன்று கையில் சிக்கியதும் அம்மா, மகள் இருவர் குரலும் சட்டென மாறிவிடும். அம்மாவாக நடித்த லாரி மெட்காஃபுக்கு ஆஸ்கர் பரிந்துரையோடு சரி, விருது இல்லை. கொடுத்திருக்கலாம்.