ஸ்கோப் அடி தாங்குமா? சோதித்துப் பார்த்த முறை

ரைஃபிள்மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் கண்ணாடித் தெளிவைத்தான் பார்க்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து கரூ என்ற வறண்ட நிலப்பகுதிப் பக்கம் வேட்டைக்குப் போகிறவருக்கு அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: பக்கி (பிக்கப்) வண்டியில், மேடுபள்ளமான சரளைச் சாலையில் நாளெல்லாம் குலுங்கிய பிறகும் ஜீரோ, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு, நகரக் கூடாது.

முதலில் மவுண்ட், அதாவது ஸ்கோப்பை ரைஃபிளோடு பிடித்து வைக்கும் பாகம். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்குகளின் உள்பக்கத்தையும், ரைஃபிள்மேல் அவை உட்காரும் ரயிலையும் ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரிங் திருகுகளை 2 நியூட்டன் மீட்டர், ரயில் நட்டை 7 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவி) இறுக்கினோம். தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு திருகின் தலைமேலும், ஸ்கோப் குழாயும் ரிங்கும் சேரும் இடத்திலும், ரைஃபிளின் கட்டையைப் (ஸ்டாக்) பிடிக்கும் திருகுகளிலும் நகப்பூச்சால் மெல்லிய கோடு. இந்தக் கோடு இல்லாமல் தொடங்கவே வேண்டாம். பின்னால் ஜீரோ மாறும்போது கோடு உடைந்திருந்தால் நகர்ந்தது மவுண்ட். ஸ்கோப்பைக் குறை சொல்லக் கூடாது. கோடு அப்படியே இருந்தால் உள்ளே இருக்கும் குழாயையோ ஸ்பிரிங்கையோ சந்தேகிக்கலாம்.

100 மீட்டரில் மணல் பைமேல் வைத்து 10 குண்டு சுட்டு, அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று குண்டில் முடிவு கட்டுவதுதான் பலர் செய்யும் தவறு. குண்டுகள் பட்ட பரப்பான குரூப்பே 3 செ.மீ. அகலம் என்றால் மூன்று குண்டின் நடு 1 செ.மீ. விலகியதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

அடுத்து டரட், அதாவது ஸ்கோப்பின் குறியைக் கிளிக் கிளிக்காக மாற்றும் திருகுமூடி. தூக்குநூல் பிடித்து நேர்க்கோடு போட்ட உயரமான அட்டையில் 10 மில் (கோண அளவு; 100 மீட்டரில் 1 மில் என்பது 10 செ.மீ.) மேலே திருப்பிச் சுட்டால் குண்டு சரியாக 100 செ.மீ. ஏற வேண்டும். 98 வந்தால் கிளிக் 2 சதவீதம் குறைகிறது. திரும்ப இறக்கினால் பழைய இடத்துக்கே வர வேண்டும்.

பிறகுதான் ரைஃபிளைக் கீழே போட்டுப் பார்ப்பது. போல்ட்டைக் கழற்றி, அறை காலியா என்று விரல் விட்டுப் பார்த்துவிட்டு, நுரைப்பாய்மேல் 45 செ.மீ. உயரத்திலிருந்து இடப்பக்கம், வலப்பக்கம், தலைகீழாக மேல்பக்கம் என்று ஸ்கோப் அடிபடும்படி ஒவ்வொரு முறை. ஒவ்வொரு விழுகைக்கும் பிறகு சுட்டுப் பார்ப்பது. ஜீரோ நகரவில்லை என்றால் 90 செ.மீ. உயரத்திலிருந்து மறுபடியும். நகர்ந்தால், அதே ரைஃபிளில் நம்பகமான வேறு ஸ்கோப்பை மாட்டி அதே அடிகளைக் கொடுங்கள். அதுவும் நகர்ந்தால் கோளாறு ரைஃபிளிலோ மவுண்டிலோதான்.

கடைசியாக ஈரம். 40 டிகிரி வெந்நீரில் ஸ்கோப்பை அமிழ்த்தினால் டரட் மூடியடியில் ஒட்டிய காற்று சில குமிழியாக வரும், அது சகஜம். ஒரே இடத்திலிருந்து சரமாக வந்தால் சீல் போயிற்று, உள்ளே ஈரம் படியாமலிருக்க நிரப்பிய நைட்ரஜன் வெளியேறுகிறது. நன்றாகத் துடைத்து உலர்த்தி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, காலையில் டர்பன் புழுக்கத்தில் வெளியே எடுங்கள். மேலே படியும் பனி துணியால் துடைத்தால் போய்விடும். துடைத்தும் போகாத மங்கல் உள்ளே இருக்கிறது.