ஸ்கூல் போர்டிடம் கணக்குக் கேட்பது: கலிஃபோர்னியா பெற்றோருக்குச் சில குறிப்புகள்

வாட்ஸப் குழுவில் செய்தி வரும்: பள்ளி எல்லையை மாற்றப் போகிறார்கள், ஏழாம் வகுப்புக் கணக்கில் அட்வான்ஸ்டு பிரிவை எடுக்கப் போகிறார்கள், ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியை மூடப் போகிறார்கள். அன்று மாலையே ஒரு பெருங்கூட்டம் போர்டு மீட்டிங்குக்குக் கிளம்பும். ஆளுக்கு இரண்டு நிமிடம், எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொல்வார்கள், இரவு பத்தரைக்குத் தீர்மானம் நிறைவேறும். கோபம் நியாயமானதுதான். ஆனால் பள்ளி மாவட்டத்தைக் கேள்வி கேட்பதற்கு மைக்தான் இருப்பதிலேயே பலவீனமான வழி. காகிதமும் தேதியும் பலமானவை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஓட்டுரிமையும் தேவையில்லை. எச்1பி விசாவில் இருப்பவரும், ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடும் தாத்தாவும்கூடப் பயன்படுத்தலாம்.

யாரிடம் எதைக் கேட்பது என்பதிலேயே பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான மாவட்டங்களில் டிரஸ்டி என்று அழைக்கப்படும் போர்டு உறுப்பினர்கள் 5 பேர், சிலவற்றில் 7 பேர். 4 ஆண்டுப் பதவி. தனி ஓர் உறுப்பினருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. பிரின்சிபாலுக்கு உத்தரவு போட முடியாது, ஆசிரியரை மாற்ற முடியாது. ஐந்து பேர் போர்டில் மூன்று ஓட்டு சேர்ந்தால்தான் முடிவு. போர்டு நேரடியாக மேற்பார்வை செய்வது மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டென்டென்ட்டைத்தான். அதனால் வகுப்பறைப் பிரச்சினையை டிரஸ்டியிடம் கொண்டுபோனால் சூப்பரின்டென்டென்ட்டுக்கு ஃபார்வர்டு செய்வார், அவ்வளவுதான். கொள்கை, பட்ஜெட், ஒப்பந்தம், சூப்பரின்டென்டென்ட்டின் செயல்பாடு இவைதான் டிரஸ்டியிடம் பேச வேண்டியவை.

இனி அஜெண்டா. போர்டு கூட்டங்கள் பொதுமக்கள் முன் நடக்க வேண்டும் என்று 1953-இல் வந்த பிரவுன் சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் முன்பும் அஜெண்டா வெளியாக வேண்டும். செவ்வாய் மாலைக் கூட்டம் என்றால் சனிக்கிழமைக்குள் வந்துவிடும். அதை ஒருவர் முறை வைத்துப் படித்தால் போதும். குழுவே படிக்க வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது கன்சென்ட் காலண்டர். சர்ச்சையில்லாத வழக்கமான விஷயங்கள் என்று சொல்லி இருபது முப்பது உருப்படிகளை ஒரே ஓட்டில் நிறைவேற்றும் பகுதி அது. ஆலோசகர் ஒப்பந்தங்கள், மென்பொருள் சந்தா நீட்டிப்பு, கட்டட வேலையில் கூடுதல் செலவுக்கான சேஞ்ச் ஆர்டர் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒரு டிரஸ்டிக்கு முந்தின நாளே எழுதி, இன்ன எண் உருப்படியைத் தனியாக எடுத்து விவாதியுங்கள் என்று கேட்கலாம். ஒரே ஒரு டிரஸ்டி சொன்னால் வழக்கமாகத் தனியாக எடுத்துவிடுவார்கள்.

அஜெண்டாவில் இல்லாத விஷயத்தைப் பொதுமக்கள் நேரத்தில் எழுப்பினால் போர்டு அதை விவாதிக்கவோ முடிவெடுக்கவோ முடியாது. கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சட்டம். மாற்று வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு: கல்விச் சட்டம் 35145.5 பிரிவின்படி, பொதுமக்களே ஒரு விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கக் கேட்கலாம். மாவட்டத்தின் போர்டு விதிகளில் 9322 என்ற எண்ணைத் தேடுங்கள். பல மாவட்டங்களில் அதில்தான் நடைமுறை இருக்கும். பொதுவாக இரண்டு வாரம் முன்பே எழுத்தில் கொடுக்கச் சொல்வார்கள். அஜெண்டாவில் ஏறிவிட்டால் ‘கேட்டுக்கொண்டோம், நன்றி’ என்று தப்ப முடியாது.

மின்னஞ்சலில் ஒரு பொறி உண்டு. ஐந்து டிரஸ்டிகளையும் ஒரே வரியில் போட்டு அனுப்பி, அவர்களில் பெரும்பான்மையோர் ‘ரிப்ளை ஆல்’ போட்டு விவாதிக்க ஆரம்பித்தால் அது ரகசியக் கூட்டத்துக்குச் சமம், பிரவுன் சட்ட மீறல். அந்தப் பயத்தில் யாருமே பதில் போடமாட்டார்கள். தனித்தனியாக அனுப்புங்கள், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், பதில் தேதி குறிப்பிடுங்கள்.

பேசத்தான் வேண்டும் என்றால், ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துப் பேசுங்கள்: ஒருவர் பட்ஜெட் எண், ஒருவர் சட்டப் பிரிவு, ஒருவர் மாற்றுத் திட்டம். பேசுபவர் பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. மாவட்டத்தையோ அதிகாரிகளையோ விமர்சிப்பதைத் தடுக்கவும் முடியாது. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்கு இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டம். தமிழில் பேச விரும்பும் பாட்டிக்கு 2 நிமிடம் இல்லை, 4 நிமிடம்.

பொதுமக்களை வெளியே வைத்து நடத்தும் க்ளோஸ்டு செஷனில் ஊழியர் விவகாரம், தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை, வழக்கு, நில பேரம், மாணவர் ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றைத்தான் பேசலாம். சூப்பரின்டென்டென்ட்டின் சம்பளத்தை முடிவு செய்ய வழக்கமான கூட்டம்தான் வேண்டும். அவசரமாகச் சிறப்புக் கூட்டம் போட்டு முடிக்க முடியாது. ஓட்டுக்கு முன் சம்பள விவரத்தைச் சுருக்கமாக வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். பதவிக்காலம் முடியும் முன்பே அவரை அனுப்பினால் தரும் தொகை 12 மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் பொது ஆவணம். வாங்கிப் படியுங்கள், குறிப்பாகத் தானாக நீளும் ஷரத்தை. ஒப்பந்தம் முடிய 45 நாளுக்கு முன் போர்டு நோட்டீஸ் கொடுக்கத் தவறினால் அது அதே காலத்துக்குப் புதுப்பிக்கப்பட்டதாகிவிடும். சூப்பரின்டென்டென்ட்டைப் பற்றிப் பேசச் சரியான சமயம் அந்தத் தேதிக்கு முன்பு.

பிரவுன் சட்டத்தை மீறி முடிவெடுத்தார்கள் என்றால், திருத்தச் சொல்லி எழுத்தில் கேட்கலாம். பொதுவாக 90 நாள் அவகாசம். திறந்த கூட்டத்தில் அஜெண்டா விதியை மீறியது மட்டும்தான் புகார் என்றால் 30 நாள்தான். இந்த 30-ஐத் தவறவிட்டு வக்கீலிடம் ஓடுவது அடிக்கடி நடப்பது.

ஆவணம் கேட்பதற்குப் பப்ளிக் ரெக்கார்ட்ஸ் சட்டம். காரணம் சொல்ல வேண்டாம், குடியுரிமை வேண்டாம். 10 நாளில் பதில் வர வேண்டும் என்பதைப் பலர் 10 நாளில் ஆவணமே வரும் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த 10 நாளில் அவர்கள் சொல்ல வேண்டியது ஆவணம் இருக்கிறதா, தருவோமா, எப்போது தருவோம் என்பது மட்டும். குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால் இன்னும் 14 நாள் நீட்டிக்கலாம். கணக்குப் பாடம் பற்றிய எல்லா மின்னஞ்சலும் வேண்டும் என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும், வந்தாலும் குப்பையாக வரும். ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை, இந்த இரண்டு பதவியில் இருப்பவர்களுக்கும் இந்த நிறுவனத்துக்கும் இடையே போனவை, இந்தச் சொல் உள்ளவை, மின்வடிவில் வேண்டும் என்று எழுதுங்கள். மறுத்தால் எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொந்த ஜிமெயிலிலும் சொந்த ஃபோனிலும் அரசுவேலை பேசினாலும் அது பொது ஆவணமே என்று 2017-இல் சான் ஹோசே நகர வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோரிக்கையில் அதையும் ஒரு வரியில் சேருங்கள்.

பணத்துக்கு ஒரு காலண்டர் இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கும். அதற்குள் பட்ஜெட்டும், எல்கேப் என்று சொல்லும் மூன்றாண்டுத் திட்டமும் நிறைவேற வேண்டும். ஒரு கூட்டத்தில் பொது விசாரணை, வேறொரு கூட்டத்தில் ஓட்டு. இரண்டையும் ஒரே இரவில் முடிக்க முடியாது. செப்டம்பர் நடுவில் போன ஆண்டின் உண்மைச் செலவுக் கணக்கு வரும். டிசம்பர் நடுவுக்குள் முதல் இடைக்கால அறிக்கை, மார்ச் நடுவில் இரண்டாவது.

இடைக்கால அறிக்கையில் நூறு பக்கத்தையும் படிக்காதீர்கள். முதலில் சான்று: பாசிட்டிவ், குவாலிஃபைடு, நெகட்டிவ் என்ற மூன்றில் எது என்று பாருங்கள். குவாலிஃபைடு என்றால் இந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும் கடமைகளைச் சமாளிப்பது சந்தேகம் என்று அவர்களே எழுதிக் கொடுத்தது. பிறகு பல்லாண்டுக் கணிப்பில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ பத்தி, அதாவது இன்னதற்கென்று ஒதுக்கப்படாத பணம். மூன்றாம் ஆண்டில் கையிருப்பு எவ்வளவு? ஏறத்தாழ ஆயிரம் முதல் முப்பதாயிரம் மாணவர் வரை உள்ள மாவட்டத்துக்கு மொத்தச் செலவில் குறைந்தபட்சம் 3 சதவீதம். 3.1 என்று வந்தால், எந்த ஊகத்தை வைத்து அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். வழக்கமாக அது மாணவர் வருகைக் கணிப்பாக இருக்கும், இல்லாவிட்டால் பெயர் சொல்லாத ‘எதிர்காலக் குறைப்புகள்’ என்ற ஒற்றை வரியாக இருக்கும். அந்த வரிதான் இரண்டு வருடம் கழித்து நூலகரும் கவுன்சிலரும் இல்லாமல் போகும் இடம்.

சம்பள ஒப்பந்தத்துக்கும் இதே பார்வைதான். ஓட்டுக்கு முன் அதன் செலவை, வரும் ஆண்டுகளுக்கும் சேர்த்து, பொதுவில் வெளியிட வேண்டும் என்று 1991-இன் ஏபி 1200 சட்டத்திலிருந்தே விதி. ஆசிரியர் சம்பளத்தை எதிர்க்கச் சொல்லவில்லை. ஒரு தடவை வந்த பணத்தை வருடா வருடம் கொடுக்க வேண்டிய செலவில் போடுகிறார்களா என்பதுதான் கேள்வி. முன்கூட்டியே கேட்காத ஊர் என்ன ஆகும் என்பதற்கு ஓக்லண்ட் இருக்கிறது: 2003-இல் மாநிலத்திடம் 10 கோடி டாலர் கடன், கூடவே போர்டின் அதிகாரமும் மாநிலம் அனுப்பிய நிர்வாகியிடம் போனது. ஊர் தேர்ந்தெடுத்தவர்கள் ஆலோசனை சொல்பவர்களாக மட்டும் மிஞ்சினார்கள்.

பிள்ளையைச் சேர்க்கும்போது வீட்டு மொழி தமிழ் என்று எழுதியதால் ஆங்கிலம் கற்போர் பட்டியலில் வந்திருந்தால், உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. 21 பேரோ அதற்கு மேலோ அப்படி இருக்கும் பள்ளியில் ஈலாக் என்ற பெற்றோர் ஆலோசனைக் குழு, மாவட்டத்தில் 51 பேரோ அதற்கு மேலோ இருந்தால் டீலாக் என்ற மாவட்ட அளவிலான குழு கட்டாயம். எல்கேப் வரைவின் மீது மாவட்டக் குழு தரும் கருத்துக்குச் சூப்பரின்டென்டென்ட் எழுத்தில் பதில் தர வேண்டும். போர்டு மைக்கில் பேசினால் இந்த உரிமை கிடையாது. பல பள்ளிகளில் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன.

கட்டடத்துக்காகக் கடன் வாங்கும் பாண்டு 55 சதவீத ஓட்டு விதியின் கீழ் உங்கள் ஊரில் நிறைவேறியிருந்தால் குடிமக்கள் மேற்பார்வைக் குழு இருக்க வேண்டும்: குறைந்தது 7 பேர், மாவட்ட ஊழியரோ ஒப்பந்தக்காரரோ இருக்கக் கூடாது. அவர்களின் ஆண்டறிக்கை வெளிவருகிறதா, கடைசியாக எப்போது கூடினார்கள் என்று மட்டும் பாருங்கள். மீதி தானே தெரியும்.

பாடப்புத்தகம் போதவில்லை, கழிப்பறை பூட்டியே கிடக்கிறது, வகுப்புக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை போன்றவற்றுக்குப் போர்டு வரை போக வேண்டாம். வில்லியம்ஸ் புகார்ப் படிவம் போதும்; பெயர் போடாமலும் கொடுக்கலாம். 30 வேலை நாளில் சரிசெய்ய வேண்டும். அதைப் பற்றிய அறிவிப்பு ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும், பேக் டு ஸ்கூல் நைட்டில் தேடிப் பாருங்கள்.

தேர்தலில் ஒரு எச்சரிக்கை. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2016-இல் நிறைவேறிய ப்ரோபொசிஷன் என், குடியுரிமை இல்லாத பெற்றோருக்கும் ஸ்கூல் போர்டு தேர்தலில் மட்டும் ஓட்டுரிமை தந்தது. அதை வைத்து நம் ஊரிலும் அப்படித்தான் என்று யாராவது குழுவில் போட்டால் நம்பாதீர்கள். தவறாகப் பதிவு செய்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. அந்த நகரத்தில் இருந்தாலும் குடிவரவு வக்கீலிடம் கேட்டுவிட்டே பதிவு செய்யுங்கள். அதே நகரத்தில்தான் 2022 பிப்ரவரி 15 அன்று போர்டு உறுப்பினர் மூவர் ஒரே தேர்தலில் திரும்ப அழைக்கப்பட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பலரும் ரீகால் பற்றிப் பேசுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து, பணம், மாதங்கள் வேண்டிய வேலை அது. அதைவிட மலிவான இடம் ஆகஸ்ட் மாதம். நவம்பர் தேர்தலுக்கு வேட்புமனு 88 நாள் முன்பு முடியும். பதவியில் இருப்பவர் மனு போடாவிட்டால் இன்னும் 5 நாள். ஒரு இடத்துக்கு ஒருவர்தான் மனு போட்டால் அந்தப் பெயர் ஓட்டுச்சீட்டிலேயே வராது, நேராகப் பதவிக்குப் போய்விடும். நடுவில் இடம் காலியானால் போர்டு 60 நாளுக்குள் தானே ஒருவரை நியமிக்கலாம். அந்த நியமனத்துக்கு எதிராக 30 நாளுக்குள், பதிவு பெற்ற வாக்காளரில் சட்டம் சொல்லும் அளவு பேரின் கையெழுத்தோடு மனு கொடுத்தால் நியமனம் ரத்தாகித் தேர்தல் நடக்கும்.