அநுஜந்மா

5 ஜனவரி 2025, ஞாயிறு

நூலகத்தில் எடுத்த மார்க்கோ போலோவின் பயணக் குறிப்பை இரவு வெகுநேரம் படித்தேன். 1290-களில் பாண்டிய நாட்டுக் கரையில் இறங்கியவர். இங்குள்ளவர்கள் செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதை வியந்து எழுதியிருக்கிறார். என் அடுக்களையில் இன்றும் அதே வழக்கம்தான். யாராவது எச்சில் படுத்திவிட்டால் என் மாமியார் அந்தச் செம்பைப் புளி போட்டுத் தேய்க்கவைப்பார். எழுநூறு ஆண்டுக்கு முந்தைய மதுரைப் பெண்களும் இப்படித்தான் தேய்த்திருப்பார்கள்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது. அண்ணன் தம்பிகள் ஐந்து பேர் நாட்டை ஆண்டார்கள். சண்டைக்கு அவர்கள் கிளம்பும்போதெல்லாம் பெற்றவள் நடுவே போய் நிற்பாள். கையில் கத்தி. நிறுத்தாவிட்டால் உங்களுக்குப் பாலூட்டிய முலையை அறுத்துக்கொள்வேன் என்பாள். அவள் கண்மூடியபின் இவர்கள் ஒருவரையொருவர் அழித்துக்கொள்வார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதற்கு மேல் படிக்க முடியவில்லை. அவள் பெயரைக்கூட அவர் குறித்துவைக்கவில்லை.

9 ஜனவரி, வியாழன்

காயல் முதலிய துறைகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் வந்திறங்கின, ஒன்றின் விலை 220 தினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். இங்கு வந்த குதிரைகள் சரியான பராமரிப்பில்லாமல் மடிந்தன என்கிறார் போலோ. சோற்றையும் இறைச்சியையும் சேர்த்துக் கொடுத்தார்களாம்! மடிய மடியப் புதிதாக வாங்கினார்கள். கடமை, அந்தராயம், தறியிறை, செக்கிறை என்று கல்வெட்டுகளில் வரும் வரிகளை நினைத்துக்கொண்டேன். நெய்தவனும் செக்காட்டியவனும் கட்டிய பணம் லாயத்தில் செத்து விழுந்திருக்கிறது. எனக்கு ஆறவில்லை.

1268-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகரனை 1310-இல் மகன் சுந்தர பாண்டியனே கொன்றான். தம்பி வீர பாண்டியனுக்குத் தந்தை முன்னுரிமை கொடுத்ததுதான் காரணம். மறு ஆண்டே தில்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்குள் நுழைந்தது. அப்போது மன்னன் ஊரில் இல்லை. செம்பு தேய்த்த பெண்கள் எங்கே ஓடியிருப்பார்கள்?

14 ஜனவரி, செவ்வாய்

பானை கிழக்கே பொங்கியது. பெரியவன் வந்தான். சின்னவன் வரவில்லை. வீட்டுப் பத்திரப் பேச்சு எழுந்த நாளிலிருந்து இது மூன்றாவது பொங்கல்.

16 ஜனவரி, வியாழன்

பெரியவனை அழைத்துக்கொண்டு நரசிங்கம் போனேன். யானைமலை அடிவாரத்தில் வெயில் இதமாக இருந்தது. குடைவரைக்கு முன் நெடுநேரம் நின்றோம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த கோயில் இது, ஆண்டு 770. வட்டெழுத்து எனக்குப் படிக்க வராது. கல்வெட்டின் பாடத்தை நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அவனைப் படிக்கச் சொன்னேன்.

மாறன் காரி "நீர்த்தெளியாதே" இறந்துபோனார், அதாவது குடமுழுக்குச் செய்யுமுன்பே. அதன்பின் அதே அமைச்சர் பதவிக்கு வந்த மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி "நீர்த்தெளித்தான்."

"அநுஜந்மா என்று போட்டிருக்கிறதே, அது என்னம்மா?"

"பின்னால் பிறந்தவன். தம்பி."

மறுபடி முதலிலிருந்து படித்தான், இம்முறை வாய்க்குள்ளேயே. ஒத்தக்கடையில் ஏறிய பஸ் மாட்டுத்தாவணி வந்து சேரும்வரை நோட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.