ஆறுவதற்கு ஒரு ராத்திரி

போன வருஷம் தோழி வீட்டுச் சூளையில் ஒரு தட்டு செய்தேன். கைவினைக்கென்று விற்கிற நீலக் கண்ணாடியின் மேல், உடைந்த ஜன்னல் கண்ணாடியில் நறுக்கிய இலைகளை அடுக்கி உருக்கினோம். வெளியே எடுத்தபோது அவ்வளவு அழகாக இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி, யாரும் தொடாமலே அலமாரியில் டிக்கென்று ஒரு சத்தம். இலைகளின் ஓரத்தை ஒட்டியே விரிசல் ஓடியிருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ளாமல் மனசு ஆறவில்லை. அதற்காகவே மகளையும் கூட்டிக்கொண்டு, நியூஜெர்சியிலிருந்து நாலு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டி கார்னிங் போனேன். நியூயார்க் மாநிலத்தில் செமங் ஆற்றங்கரையில் இருக்கிற சின்ன ஊர். 1868இல் புரூக்ளினிலிருந்து ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இங்கே குடிபெயர்ந்தது. அந்த நிறுவனம் 1951இல் தொடங்கியதுதான் இங்குள்ள கண்ணாடி அருங்காட்சியகம். 1996இலிருந்து அதற்கென்று ஒரு பயிற்சிக்கூடமும் இருக்கிறது. ஊதுகுழலில் ஊதுவதற்குக் கூட்டம் அதிகம். நாங்கள் சூளையில் உருக்கி ஒட்டும் வகுப்புக்குப் பேர் கொடுத்தோம்.

மேஜை மேல் சதுரக் கண்ணாடி, கிண்ணங்களில் வண்ணத் துண்டுகள், சேமியா போல மெல்லிய கண்ணாடிக் குச்சிகள், ரவை பதத்துக்குப் பொடித்த கண்ணாடி. மகள் ஒரு மீன் செய்தாள். வாலுக்கு எடுத்த துண்டு வெளுத்த மஞ்சளாக இருக்கிறதென்று ஒதுக்கிவிட்டாள். ஆசிரியை அதை மெதுவாகத் திரும்ப வைத்தார். சில சிவப்புக் கண்ணாடிகளுக்குச் சூளைக்குள் போன பிறகுதான் நிறம் ஏறுமாம்.

அவரிடம் நிறையக் கேட்டேன், சலிக்காமல் சொன்னார். உருகிய கண்ணாடி தானாகவே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில் நிற்கப் பார்க்கும். அதனால்தான் 3 மில்லிமீட்டர் கண்ணாடியை இரண்டு அடுக்காக வைக்கிறார்கள். ஒரே அடுக்கு என்றால் ஓரம் உள்ளே சுருங்கும்; மூன்று என்றால், தளர்ந்த தோசைமாவு மாதிரி, பரவி வெளியே போகும். 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் கண்ணாடி தொய்ந்து அச்சின் வடிவத்துக்கு வளையும். 750ஐ ஒட்டி துண்டுகள் ஒட்டிக்கொள்ளும், ஆனால் மேடு பள்ளம் அப்படியே இருக்கும். 800ஐத் தாண்டினால் எல்லாம் கலந்து ஒரே தளமாகிவிடும். கேட்கும்போது சின்ன வயசு ஞாபகம் வந்தது. உடைந்த வளையல் துண்டுகளை மெழுகுவர்த்தியில் காட்டி, இளகியதும் வளைத்து, ஒன்றோடொன்று கோத்துத் தோரணம் கட்டுவோமே, அதுவும் இந்த வேலைதான்.

அப்புறம் என் தட்டைப் பற்றிச் சொன்னேன். "எந்தக் கண்ணாடி மேல் எந்தக் கண்ணாடி?" என்றுதான் முதலில் கேட்டார். சூட்டில் எவ்வளவு விரியும் என்பதற்கு ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு எண் உண்டு. கைவினைக் கண்ணாடிக்கு 90 அல்லது 96. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்கு 85ஐ ஒட்டி வரும். விரிந்தது ஆறும்போது சுருங்கத்தானே வேண்டும்? ஒட்டிக்கொண்ட இரண்டும் ஆளுக்கொரு அளவில் சுருங்கினால் உள்ளுக்குள் இழுபறி. மூன்று நாள் தாங்கியதே பெரிது. ஒரே வகைக் கண்ணாடியாகவே இருந்தாலும், அவசரமாக ஆறினால் வெளிப்பக்கம் முந்தி, நடுப்பகுதி பிந்தி, அதே இழுபறிதான். அதனால் சூளையை 500 டிகிரியை ஒட்டி நிறுத்தி, உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே மெல்ல இறக்குகிறார்கள்.

"அம்மா, நாளைக்குத்தான் கிடைக்குமா?" மகளுக்கு முகம் வாடிவிட்டது. சரி, இருந்துவிட்டுப் போவோம் என்று ராத்திரிக்கு அறை எடுத்துவிட்டு, அருங்காட்சியகத்தைச் சுற்றினோம். ரோமானியர் கிண்ணங்கள் முன்னால் வெகுநேரம் நின்றேன். வண்ணக் கண்ணாடிக் குச்சிகளை வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி, சூளையில் ஒட்டி, கிண்ணமாக வளைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய வேலை. எங்கள் மேஜையில் நடந்ததும் அதேதான்.

மகளை அசைய விடாமல் நிறுத்தியது வேறு ஒன்று: 200 அங்குல அகல வட்டக் கண்ணாடி. கலிஃபோர்னியாவின் பாலமார் மலைத் தொலைநோக்கிக்காக 1934 மார்ச்சில் இந்த ஊரில் வார்த்தது. வார்க்கும்போதே, அடியில் பொருத்தியிருந்த அச்சுக் கட்டிகள் சில சூடு தாங்காமல் கழன்று மேலே மிதந்துவிட்டன. அதே வருஷம் டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். அந்த இரண்டாவதை ஆறவைக்க மட்டும் சுமார் பத்து மாசம் ஆனது. 1948இல் திறக்கப்பட்ட தொலைநோக்கியில் இருப்பது அதுதான். இங்கே நிற்பது முதலாவது.

"பத்து மாசமா!" என்றாள். பிறகு மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். கூராக இருந்த விளிம்பெல்லாம் உருண்டு வழுவழுப்பாகியிருந்தது. அடிப்பக்கத்தில் மட்டும், சூளைத் தட்டில் படிந்து கிடந்த இடத்தில், விரலுக்கு லேசான சொரசொரப்பு. கார் ஜன்னல் வெயிலில் அவள் அதைத் தூக்கிப் பிடித்தாள். வால் செக்கச் செவேலென்று இருந்தது.