ஏழுகல் தோடும் ஒரு சார்ட் பேப்பரும்

மூன்று ஞாயிறு போயிற்று. அயித்தையின் படம் ஒருவழியாக வந்துவிட்டது, முக்கால்வாசி.

"அந்தக் காலத்து இங்கிலீஷ் நடிகைங்க மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுடா" என்று அவர்தான் ஆரம்பித்தார். வயது 58. அரக்குக் கண்டாங்கி, காதில் ஏழுகல் வைரத்தோடு. எனக்கும் பட்டர்ஃபிளை லைட்டிங் (மூக்கடியில் வண்ணத்துப்பூச்சி வடிவ நிழல் விழும்படி ஒளி வைக்கும் முறை) பழக ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

முதல் வாரம் வீட்டு இரண்டாங்கட்டிலேயே முயன்றேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் அல்லவா, எந்தப் பக்கம் ஃபிளாஷ் அடித்தாலும் எல்லாச் சுவரும் திருப்பி அடிக்கிறது. நிழலே விழவில்லை. முகம் இட்லி மாதிரி இருந்தது. சொன்னது அயித்தை, நான் இல்லை.

அடுத்த வாரம் காரைக்குடியில் தெரிந்த அண்ணன் ஒருவர் ஸ்டுடியோ சாவியைக் கொடுத்தார். 90 செ.மீ. ஆக்டா சாஃப்ட்பாக்ஸை, அதாவது ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் எண்கோணத் துணிப்பெட்டியை, முகத்துக்கு நேர் எதிரே, உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து வைத்தேன். மூக்கடியில் அந்த நிழல் விழ வேண்டும், ஆனால் மேலுதட்டைத் தொடக் கூடாது. ஸ்டாண்டை ஏற்றி இறக்கியே கை வலித்துவிட்டது. மடியில் ஒரு தெர்மாகோல் அட்டை, தாடைக்கு அடியில் இருட்டாகாமல் இருக்க. கேமராவில் 85 மி.மீ. லென்ஸ், எஃப் 8, 1/125, ஐஎஸ்ஓ 100. விளக்கை 4 அடியிலிருந்து 2 அடிக்கு நகர்த்தியதும் வெளிச்சம் நாலு மடங்கு ஏறியது. அதை ஈடுகட்ட ஃபிளாஷ் பவரை 1/4-லிருந்து 1/16-க்கு இறக்கினேன். தோல் பட்டு மாதிரி வந்தது, பின்திரையும் தானாக இருண்டது.

ஆனால் வைரம் செத்துப் போயிருந்தது. ஏழு கல்லும் வெறும் கண்ணாடித் துண்டு. அயித்தை கேமரா திரையைப் பார்த்துவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து, 1930-இல் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் சேர்ந்த புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் எடுத்த நடிகைகளின் படங்களை மறுபடி உற்றுப் பார்த்தேன். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களுடையது கூரான, கடின ஒளி. தோலின் குறைகளை நெகட்டிவில் பென்சிலால் தீட்டிச் சரிசெய்தார்கள். நானோ சாஃப்ட்பாக்ஸை வைத்துக்கொண்டு அந்த மினுக்கைத் தேடியிருக்கிறேன். பெரிய விளக்கு எதிரே இருந்தால் கல்லின் எல்லாப் பட்டையிலும் ஒரே வெள்ளைதான் தெரியும். சின்னப் புள்ளி ஒளி பட்டால்தான் ஒரு பட்டை பளிச்சென்றும் பக்கத்துப் பட்டை கறுப்பாகவும் நிற்கும். அதுதானே ஜொலிப்பு.

மூன்றாவது வாரம் முகத்துக்குச் சாஃப்ட்பாக்ஸை அப்படியே விட்டேன். தோட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஃபிளாஷ், அதன் வாயில் கறுப்புச் சார்ட் பேப்பரைக் குழலாகச் சுருட்டி ரப்பர் பேண்ட். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கைபேசி டார்ச்சை அயித்தையின் காதைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வந்தேன். எங்கிருந்து காட்டியபோது கல் கேமரா பக்கம் பளிச்சென்று மின்னியதோ, அங்கே ஃபிளாஷை நிறுத்தினேன். முதலில் கன்னத்திலும் ஒளி சிந்தி எண்ணெய் வழிவது போல் இருந்தது. குழலை இன்னும் இறுக்கியதும் சரியாயிற்று.

பத்தாவது படத்தில் நெருப்பு மாதிரி மின்னியது. எனக்கு ஒரே பெருமை. அயித்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ஏண்டா, வலது காதுல மட்டுந்தான் வைரம் போட்டிருக்கேனா?"

வரும் ஞாயிறு இன்னொரு சார்ட் பேப்பர் வாங்க வேண்டும்.