மைனஸ் ஆறு டிகிரி: நான்கு மாதம் துரத்திய நாக்

சிலிண்டருக்குள் பெட்ரோல் சீராக எரியாமல் தானாகப் பற்றிக்கொண்டு தட்டுவதுதான் நாக். அது கேட்டால் வண்டியின் கணினி, அதாவது இசியூ, தீப்பொறி நேரத்தை (டைமிங்கை) சில டிகிரி பின்னால் இழுக்கும். எவ்வளவு இழுத்தது என்பதை இசியூவிலிருந்து எடுக்கும் பதிவில் (லாகில்) பிளாக் 020 என்ற தொகுதி மைனஸில் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்த லாகில் பிளாக் 020 முழுக்கப் பூஜ்ஜியம். 3,000 ஆர்பிஎம்மிலிருந்து 5,000 வரை மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர், நடுவில் ஒரே ஒரு இடத்தில் −0.8. பிப்ரவரியில் இதே ஏற்றத்தில், இதே டியூன் ஃபைலோடு, −6.0 பார்த்தவன் நான். காரணம் கடைசியில் என் கைதான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் தம்பி ஊரெல்லாம் சொல்லிவிடுவான்.

வண்டி பழசுதான். 2012 ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ, ஆறு கியர் மேனுவல். கம்பெனியிலிருந்து வரும்போது 160 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 டியூன் (இசியூவின் புரோகிராமை மட்டும் மாற்றிப் பவர் ஏற்றுவது) போட்டு இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எவ்வளவு என்று கேட்காதீர்கள், பவர் அளக்கும் டைனோவில் ஏற்றவில்லை. பில்லில் எழுதிக் கொடுத்த எண்ணை நம்பும் வயதும் தாண்டிவிட்டது.

ஜனவரியில் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி வால்வு கார்பனை வீட்டிலேயே சுத்தம் செய்தோம். வால்நட் ஓட்டுத் தூள், கம்ப்ரஸர், வேக்கூம் கிளீனர் என்று இரண்டு நாள் வேலை. நேரடி இன்ஜெக்ஷன் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கறுப்புத் தாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டி முடித்து ஓட்டினால் வண்டி பஞ்சு மாதிரிப் போனது. சரி, ஒரு லாக் எடுத்து வைப்போம் என்று எடுத்தேன். 3,800-க்கும் 4,400-க்கும் இடையில் −3.8, −4.5, −6.0. இசியூ டைமிங்கை அள்ளி அள்ளிப் பின்னால் இழுத்திருந்தது.

அப்புறம் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். முதலில் பெட்ரோலைத் திட்டினேன். சாதா 91 ஆக்டேன் பெட்ரோலை விட்டு எக்ஸ்பி95-க்குப் போனேன், மாற்றமில்லை. வயிறு எரிந்துகொண்டே லிட்டர் சுமார் 160 ரூபாய்க்கு ஒரு டேங்க் எக்ஸ்பி100 அடித்தேன். அதிலும் −6.0. பிளக் புதிது போட்டு இடைவெளியை 0.7-லிருந்து 0.6-க்குக் குறைத்தேன். காயில்களை இடம் மாற்றிப் போட்டேன். எதற்கும் அசையவில்லை.

அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நிஜமான நாக் என்றால் 91-க்கும் 100-க்கும் வித்தியாசம் காட்டாமல் இருக்காது. இன்டேக் காற்று 34 டிகிரியாக இருக்கும் விடியற்காலைக்கும் 55-ஐத் தொடும் மத்தியானத்துக்கும் வித்தியாசம் தெரிந்தாக வேண்டும். அதோடு நிஜ நாக் பெரும்பாலும் ஒரு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்காரும். எனக்கோ ஒரு ஓட்டத்தில் இரண்டும் நான்கும், அடுத்த ஓட்டத்தில் ஒன்றும் மூன்றும் என்று தாவிக்கொண்டிருந்தது. லாகில் இதெல்லாம் பச்சையாக இருந்தது. நான் மட்டும் −6.0 என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாகைப் பற்றி ஒரு புலம்பல். 003, 020, 115 என்ற மூன்று பிளாக்கையும் சேர்த்து ஓட்டினால், லாக் எடுக்கும் மென்பொருளான விசிடிஎஸ்ஸில் எனக்கு நொடிக்கு மூன்று வரிகள்தான் வருகின்றன. 4,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டர் நொடிக்கு 33 தடவை எரிகிறது, அதாவது ஒரு வரிக்குப் பதினொரு வெடிப்பு. டைமிங்கைச் சட்டென்று இழுத்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தருவது இசியூவின் வழக்கம் என்பதால் இழுத்த தடயமாவது மாட்டும். எந்த வெடிப்பில், என்ன கேட்டு இழுத்தது என்பது மட்டும் தெரியாது. 020-ஐத் தனியாக ஓட்டினால் வேகம் கிடைக்கும், ஆனால் பூஸ்ட் (டர்போ அழுத்தம்) தெரியாது. மலிவான டூப்ளிகேட் கேபிள் ஒன்றும் வாங்கி ஏமாந்தேன், அது பாதி ஓட்டத்தில் தொங்கி நிற்கும். கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆக, இசியூ கேட்பதை நானும் கேட்க வேண்டும். இங்கேதான் இரண்டு மாதம் போனது.

முதல் முயற்சி, பழைய ஆட்கள் செய்யும் காப்பர் குழாய். ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, ஓட்டை போட்டு இன்ஜின் பிளாக்கில் போல்ட் பண்ணி, மறு நுனியில் ரப்பர் டியூப் மாட்டிக் காது மூடிக்குள் விட வேண்டும். கேட்கத்தான் செய்கிறது. ஆனால் டர்போ விசிலும் இன்ஜெக்டர் டிக்டிக்கும் சேர்ந்து இடி மேளமாகக் கேட்கிறது. பத்து நிமிடத்தில் எனக்கு எல்லாமே நாக் ஆகிவிட்டது.

இரண்டாவது, இசியூவுக்குக் காதாக இன்ஜினில் இருக்கும் நாக் சென்சரைப் போலவே இன்னொரு நாக் சென்சர். சென்னை போன சிநேகிதர் புதுப்பேட்டையில் போஷ் சென்சர் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி வந்தார், நடுவில் எம்8 ஓட்டையோடு வட்டமாக இருக்குமே, அது. கழற்றின சென்சர்தான், ஆனால் தட்டிப் பார்த்தால் மல்டிமீட்டரில் வோல்ட் துள்ளியது. எங்கே மாட்டுவது? சுலபமாகக் கை எட்டியது இன்ஜினைத் தூக்கும் கொக்கியின் போல்ட். அங்கே மாட்டிப் பதிவு செய்தால் எல்லா வேகத்திலும் ஒரே ரீங்காரம். கொக்கி தானே மணி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது! பிளாக்கின் முன்பக்கம் சும்மா இருந்த ஒரு எம்8 துளையைக் கண்டுபிடித்து, மரை வெட்டும் டேப் விட்டுத் துருவை எடுத்து, சென்சர் உட்காரும் முகத்தில் பெயின்ட்டை முழுக்கச் சுரண்டினேன்.

போல்ட் டைட் பண்ணுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. இந்தச் சென்சருக்கு 20 நியூட்டன் மீட்டர். அடியில் வாஷர் கூடாது, ஸ்பிரிங் வாஷரும் கூடாது, இரும்போடு இரும்பு நேராக உட்கார வேண்டும். இறுக்கம் மாறினால் சென்சர் கேட்பதும் மாறும். என்னிடம் இருந்த டார்க் ரெஞ்ச் 28-இல்தான் ஆரம்பிக்கும். கைக்கணக்கில் இறுக்கி எடுத்த மூன்று பதிவுகளும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசியில் 5-லிருந்து 25 வரை போகும் சின்ன ரெஞ்ச் ஒன்று வாங்கினேன். இந்த முழு விவகாரத்தில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்.

பதிவுக்கு முதலில் செல்போன். வேண்டவே வேண்டாம். இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று நமக்கு வேண்டியதையே அழித்துவிடுகிறது. சித்தப்பா கச்சேரி பதிவு செய்யக் கையடக்க ரெக்கார்டர் ஒன்று வைத்திருக்கிறார், மார்கழிக்குள் திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கி வந்தேன். தானாகச் சத்தம் ஏற்றி இறக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். மைக் இன்புட்டில் கொடுத்தால் 3,000 தாண்டியதும் அலை தலையும் காலும் வெட்டுப்பட்டு வந்தது, லைன் இன்புட்டுக்கு மாற்றியதும் அடங்கியது. ஷீல்டு வயரைச் சென்சர் பக்கம் எர்த் பண்ணாமல் ரெக்கார்டர் பக்கம் மட்டும் எர்த் செய்தேன், ஆல்டர்னேட்டர் முனகல் முக்கால்வாசி போயிற்று.

எனக்குப் பெருமையான விஷயம் வலது சேனல். இடதில் சென்சர், வலதில் ஒன்றாம் சிலிண்டரின் தீப்பொறி. காயில் மேல் இன்சுலேஷன் உள்ள வயரை ஆறு சுற்றுச் சுற்றி டேப் ஒட்டினேன், அவ்வளவுதான். வண்டியின் வயரில் எங்கும் கை வைக்கவில்லை. 100 கே ரெசிஸ்டர் ஒன்று, எதிரெதிராக இரண்டு 1என்4148 டயோடு, ரெக்கார்டரைக் காப்பாற்ற. 4,000 ஆர்பிஎம்மில் 30 மில்லிசெகண்டுக்கு ஒரு முள் அழகாக நிற்கிறது. முள்ளிலிருந்து எண்ணினால் ஒவ்வொரு சத்தமும் எந்த சிலிண்டரின் நேரத்தில் விழுகிறது என்று சொல்லிவிடலாம், வரிசைதான் தெரியுமே, 1-3-4-2.

சத்தம் எந்த அலைவரிசையில் வரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: 1,800-ஐ பை-யாலும் போர் (சிலிண்டர் உள்விட்டம்) மில்லிமீட்டராலும் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ். நம்முடைய போர் 82.5, ஆகவே சுமார் 6.9. அடுத்த ஒலி 11.5 பக்கம். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் சத்தம் என்று காட்டும் படம்) போட்டு அங்கே தேடினேன், ஒரே மேகமூட்டம். ஒரு வாரம் கழித்துத்தான் விண்டோ அளவைக் கவனித்தேன். 1,024 சாம்பிள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் 21 மில்லிசெகண்ட். 4,000-இல் 7.5 மில்லிசெகண்டுக்கு ஒரு வெடிப்பு, ஆக மூன்று வெடிப்பை ஒன்றாகக் குழைத்து எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. 128-க்குக் குறைத்ததும் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனிக் கோடாகப் பிரிந்து நின்றது.

கோடுகள் பிரிந்தன, 6.9-இல் மட்டும் ஒன்றுமில்லை. அதற்குப் பதில் 3,800 தாண்டியதும் மேலிருந்து கீழ் வரை எல்லா அலைவரிசையிலும் ஒரு கிறுக்கல். முள்ளோடு சேர்ந்தும் வரவில்லை, இஷ்டத்துக்கு விழுந்தது. நான் அதை நாக்காக்கிப் பார்க்க இன்னும் நான்கு இரவு முயன்றேன். ஐந்தாவது இரவு ஹெட்போனைத் தம்பி காதில் மாட்டினேன். இரண்டு தடவை கேட்டான்.

“அண்ணா, இது நாக்கே இல்ல. ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தப்புறமும் கேக்குது பாரு.”

லாகை எடுத்து ஒத்துப் பார்த்தோம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் கிளட்ச் மிதித்து ஒருமுறை ரெய்ஸ் பண்ணி வைப்போம், லாகையும் ஒலிப்பதிவையும் ஒரே இடத்தில் நிறுத்த. ஆமாம். கால் எடுத்து, இன்ஜெக்ஷன் நேரம் பூஜ்ஜியமாகி, சிலிண்டருக்குள் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாத நேரத்திலும் 4,400-லிருந்து 3,800 வரை அதே கிறுக்கல். எரிவதே இல்லை, அப்புறம் ஏது நாக்? லோடு இல்லாதபோது இசியூ நாக்கைத் தேடுவதில்லை, அதனால்தான் 020-இல் அந்த இடம் சுத்தமாகத் தெரிந்தது.

மறுநாள் அடித்தட்டைக் கழற்றி, மேனிஃபோல்டைக் கீழிருந்து தாங்கும் பிராக்கெட்டைப் பிடித்து ஆட்டினேன். கடகடவென்று ஆடியது. ஜனவரியில் அதன் கீழ்ப் போல்ட்டுக்கு ரெஞ்ச் நுழையவில்லை, விரலால் திருகிவிட்டு ‘அப்புறம் டைட் பண்ணிக்கலாம்’ என்று தம்பியிடம் சொன்னது ஞாபகம் வந்தது. அவனுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. வண்டியின் சொந்த நாக் சென்சர் அங்கேதான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பாவம், காதருகே ஒருவன் தகரம் தட்டினால் அது என்ன செய்யும். மூட்டு எக்ஸ்டென்ஷன் போட்டு இறுக்க ஆறு நிமிடம்.

அதன் பின்தான் மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை லாக். ஆனால் கதை முடியவில்லை. அன்றைக்கே மத்தியானம் வேண்டுமென்றே ஐடிலில் விட்டு இன்டேக் காற்றை 58 டிகிரிக்கு ஏற்றி, 91 பெட்ரோலில் மூன்று தடவை ஓட்டினோம். 3,200-இல் இரண்டாம் சிலிண்டரில் −2.3, மூன்று தடவையும் அதே இடம். பதிவில் ஒன்றாம் சிலிண்டர் முள்ளுக்குப் பின் 28 மில்லிசெகண்டில் இரண்டாம் சிலிண்டரின் முறை, அதற்கு ஒன்றரை மில்லிசெகண்ட் தள்ளி 6.9-இல் பளிச்சென்று ஒரு சின்னக் கோடு, மேலே 11.5-இல் அதன் நிழல். இது அசல். நான்கு மாதத்தில் முதல்முறையாக நிஜ நாக்கைப் பார்த்த சந்தோஷத்தில் தம்பிக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

எக்ஸ்பி95-இல் அதே 58 டிகிரி ஓட்டம் இன்னும் எடுக்கவில்லை. எடுத்து ஒத்துப் பார்க்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டைமிங்கைத் தொடச் சொல்லலாம். ஆனால் மனம் அதற்குள் டர்போ காற்றைக் குளிர்விக்கும் முன் இன்டர்கூலருக்குத் தாவிவிட்டது. கோயம்புத்தூரிலேயே அலுமினியம் வெல்டிங் நன்றாகச் செய்பவர் ஒருவர் இருக்கிறார், கோர் மட்டும் வாங்கிக் கொடுத்தால் டேங்க் அவர் கட்டித் தருவார். இன்னொரு பக்கம், சென்சரையும் முள்ளையும் டீன்சி என்ற குட்டி மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் கொடுத்து, அந்தந்த சிலிண்டரின் நேரத்தில் மட்டும் 6.9-ஐக் கேட்டு டாஷ்போர்டில் சிவப்பு லைட் போட வைக்கலாம் என்று ஓர் ஆசை. போர்டு வாங்கியாகிவிட்டது. சித்தப்பா இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், ரெக்கார்டர் வயரின் பின்னை நான் வெட்டி வேறு மாட்டியிருப்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.