மிரளாத குதிரையின் நெஞ்சு

கறுப்பி, சாம்பல் என்று எனக்குப் பழக்கமான குதிரைகள் இரண்டு. என்னுடையவை அல்ல, வார இறுதியில் சவாரி பழகப் போகும் லாயத்துக் குதிரைகள். ஒரு காகிதம் பறந்தால் போதும், கறுப்பி நாலு முழம் தள்ளிப் போய் நிற்பாள். சாம்பல் இடியே விழுந்தாலும் அசைய மாட்டான். இவன் சமர்த்து, அவள் பயந்தாங்கொள்ளி என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் கூரைத் தார்ப்பாய் ஒரு பக்கம் கழன்று காற்றில் படபடவென்று அடித்தது. கறுப்பி துள்ளி ஓடினாள், திரும்பிப் பார்த்தாள், மூக்கைப் புர்ரென்று ஊதினாள். அப்புறம் மெல்ல வந்து தார்ப்பாயை மோந்தே பார்த்துவிட்டாள். சாம்பல் கல் மாதிரி நின்றான். வேறொரு குதிரைக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்த கால்நடை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை என்னிடம் நீட்டி, "ரெண்டு பேரையும் எண்ணிப் பாருங்க" என்றார். குதிரையின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து இதயத் துடிப்பை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். கறுப்பிக்கு 48. சாம்பலுக்கு 80! அவன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான், கீழுதடு இறுகிக் கிடந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.

முன்பு இருந்த இடத்தில் மிரளும்போதெல்லாம் சவுக்கடி வாங்கியவனாம். பயத்தை விடவில்லை, காட்டுவதைத்தான் விட்டிருக்கிறான். உரோமம் கத்தரிக்கும் மெஷினைக் குதிரைகளின் பக்கத்தில் கொண்டுபோய்ச் செய்த ஓர் ஆய்வு 2013ல் வந்தது. முரண்டு பிடித்த குதிரைகளுக்கும் அமைதியாக நின்ற குதிரைகளுக்கும் உடம்புக்குள் பதற்றம் ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது அது.

குதிரை பயப்படுவதில் வியப்பில்லை. வேட்டையாடப்பட்ட இனம், ஓடித்தான் பிழைத்தது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. காற்று பலமாக அடித்தால் சத்தமும் வாசனையும் குழம்பிவிடும், அன்றைக்கு எல்லாக் குதிரைகளும் கொஞ்சம் பேய் பிடித்த மாதிரிதான். ஆனாலும் ஒரே காற்றில் ஒன்று ஏன் ஓடுகிறது, இன்னொன்று ஏன் புல் மேய்கிறது?

பிறவி ஒரு பங்கு. பந்தயக் குதிரை இனமான தரோபிரெட், அரபி போன்றவற்றைச் 'சூடான ரத்தம்' என்றும், பாரம் இழுக்கும் பெரிய இனங்களைக் 'குளிர்ந்த ரத்தம்' என்றும் சொல்வார்கள். ரத்தத்தின் சூடு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அது துடிப்பானது, சாதுவானது என்று சுபாவத்தைச் சொல்லும் பேச்சு. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிக்கான ஒரு மரபணுவில் உள்ள வேறுபாட்டுக்கும் தரோபிரெட்களின் ஆர்வம், உஷார்த்தன்மைக்கும் தொடர்பு இருப்பதாக 2005ல் ஜப்பானிய ஆய்வு ஒன்று சொன்னது. நெற்றிச் சுழியை வைத்துக் குணம் சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

வாழ்க்கை இன்னொரு பங்கு. மேய்ச்சலில் விட்டால் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்கூட மேயும். அதன் இரைப்பையில் அமிலம் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். தனியாக அடைத்து நாளைக்கு இரண்டு தடவை மட்டும் தீனி போட்டால் வயிறு புண்ணாகலாம். வயிற்றுப் புண்ணோடு, முதுகில் அழுத்தும் சேணத்தோடு யார் நிதானமாக இருக்க முடியும்?

மூன்றாவது பங்கு என்னைப் போன்றவர்கள். ஸ்வீடனில் நடந்த சோதனை ஒன்று 2009ல் வெளியானது. ஆட்கள் குதிரைகளை ஒரே வழியில் நடத்திப் போனார்கள், சிலர் ஏறியும் போனார்கள். கடைசித் தடவை மட்டும், "நீங்கள் கடக்கும்போது ஒரு குடை விரியும்" என்று சொல்லி அனுப்பினார்கள். குடை விரியவே இல்லை. ஆனால் ஆட்களின் இதயத் துடிப்பு ஏறியது, குதிரைகளுடையதும் கூடவே ஏறியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தப் பேயை நாம் லகான் வழியாகவே கடத்திவிடுகிறோம் போல.

சாம்பலை இப்போது கறுப்பியோடு சேர்த்து மைதானத்தில் விடுகிறார்கள். போன வாரம் ஒரு வாளி உருண்ட சத்தத்துக்குத் துள்ளி விலகினான். மேலே இருந்த நான் கீழே விழாதது அதிர்ஷ்டம். இறங்கிக் கழுத்தைத் தட்டிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே போய் வாளியை மோந்து பார்த்தான்.